காலையில் ஒரு மூடி சிரப்

கேள்வி: நாங்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மொரீஷியஸ் வந்தவர்கள், கியூர்பிப்பில் குடியிருக்கிறோம். ஒன்றே முக்கால் வயது மகளைப் போர்ட் லூயிஸில் என் ஆபீஸ் பக்கத்துக் கிரெஷில் (குழந்தைகள் காப்பகத்தில்) விடுகிறேன். டயப்பர், மாற்றுத்துணி, ஸ்வெட்டர், பால், சாதம், பழம், பொம்மை என்று பை நிறைய வைத்தாலும் மிஸ் ஏதாவது குறை சொல்கிறார். போன வாரம் குழந்தைக்கு லேசாகச் சூடு. லீவையெல்லாம் பொங்கலுக்கு ஊருக்குப் போகச் சேர்த்து வைத்திருக்கிறோம். அதனால் காலையில் ஊரிலிருந்து கொண்டுவந்த பாரசிட்டமால் சிரப் ஒரு மூடி கொடுத்துத்தான் அனுப்பினேன். அன்றைக்கும் ‘சாதத்தைத் தொடவே இல்லை, இன்னொரு பாட்டில் பால் வைத்திருக்கலாமே’ என்கிறார். பையில் என்னதான் வைப்பது?
- வாசகி, கியூர்பிப்

பதில்: பை விஷயத்தை ஐந்து வரியில் சொல்லிவிடலாம், அது கடைசியில். போகிற போக்கில் ஒரு மூடி சிரப் என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போனீர்களே, முதலில் அங்கே திரும்பி வாருங்கள்.

பாரசிட்டமால் நாலு மணி நேரம், மிஞ்சினால் ஆறு மணி நேரம் சூட்டை அடக்கி வைக்கும். வாசலில் மிஸ் நெற்றியைத் தொட்டபோது குழந்தை ஜில்லென்று இருந்திருக்கும். நீங்களும் ஒன்றும் சொல்லாமல் டாட்டா காட்டிவிட்டுப் போயிருப்பீர்கள். பதினோரு மணி வாக்கில் மருந்து இறங்கி, சூடு மறுபடி ஏறியிருக்கும். சாதம் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டு பாலை மட்டும் குடித்திருக்கிறாள். காய்ச்சல்காரக் குழந்தை அப்படித்தான் செய்யும். மிஸ் கண்ணால் பார்த்ததைச் சொன்னார், உங்களுக்கு அது குறையாகக் கேட்டிருக்கிறது. காரணம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான், நீங்களோ வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு அந்த மிஸ் நல்ல மனசோடு தன் கையால் ஒரு வேளை மருந்து கொடுத்திருந்தால்? ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் போகக் கூடாது. மீறினால் அடி கல்லீரலுக்கு. காலையில் நீங்கள் கொடுத்தது தெரியாத ஒருவர் எந்தக் கணக்கைப் பார்ப்பார்?

அப்புறம், மூடி என்ன அளவு? 5 மில்லியில் 120 மில்லிகிராம் மருந்து இருக்கிற சிரப்பும் உண்டு, 250 இருக்கிறதும் உண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டில் ஒரு வகை, இங்கே மருந்துக்கடையில் வாங்கியது இன்னொரு வகை என்றால் அதே மூடியில் இரண்டு மடங்கு போய்விடும். குழந்தைக்கு எடையை வைத்துத்தான் மருந்து, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். லேபிளைப் படியுங்கள், டாக்டரிடம் கேளுங்கள், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

காய்ச்சலை அமுக்கினால் அது என்ன காய்ச்சல் என்பதும் மறைந்து போகும். 2006-இல் சிக்குன்குன்யா இந்தத் தீவைப் படுத்திய பாட்டை இங்கே நெடுநாள் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டெங்குவும் வந்து போகிற இடம் இது. அதே அறையில் அடுத்த வீட்டுக் கைக்குழந்தையும்தானே படுத்திருக்கிறது? அதன் அம்மாவுக்கு லீவு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டீர்களா?

லீவுக்கே வருகிறேன். 2019-ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டப்படி, ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்குச் சம்பளத்தோடு 20 நாள் விடுப்பு உண்டு, அதற்கு மேல் 2 நாளும் உண்டு. அதில் ஒரு நாள் குழந்தைக்குக் கிடையாதா? ஊரில் பேத்திக்காகக் காத்திருக்கிற தாத்தா பாட்டியின் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு மடி கொடுப்பதுதான் பெற்றவர்களின் முதல் கடன், விமானச் சீட்டு அதற்குப் பிறகு. பயணத்தில் இரண்டு நாள் குறையட்டும். அந்தப் பாட்டியிடமே கேட்டுப் பாருங்கள், முதல் ஆளாக உங்களைத் திட்டுவார்.

இன்னொன்று. கடிதத்தை இரண்டு முறை படித்தேன், குழந்தையின் அப்பாவைத் தேடினேன். லீவைச் சேர்த்து வைப்பதில் மட்டும் இருக்கிறார். பையிலும் இல்லை, மருந்திலும் இல்லை, கிரெஷ் வாசலிலும் இல்லை. அவர் வீட்டில் இருந்தால் காய்ச்சல் இறங்காதா?

சரி, பை. கியூர்பிப் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் போர்ட் லூயிஸ் போனதும் வேண்டாம், கழற்றி மடித்து வைக்கச் சொல்லுங்கள். மாற்றுத்துணி மெல்லிய பருத்தியில் இரண்டு செட் போதும். டயப்பர் ஐந்தாறு. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், பால் பாட்டிலிலும். பாலும் சாதமும் போனவுடன் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், அந்த ஊர் வெயிலில் வெளியே வைத்த சாதம் மத்தியானத்துக்குத் தாங்காது. திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். டிசம்பரில் லிச்சி வந்தால் கொட்டையை எடுத்துவிட்டுப் பிய்த்துக் கொடுங்கள், முழுசாக வைத்தால் தொண்டையில் அடைக்கும். முழு வேர்க்கடலை அறவே வேண்டாம். கழுத்தில் கயிறு, செயின் எதுவும் வேண்டாம், தூங்கும்போது இறுக்கிவிடும். பொம்மை வீட்டிலேயே இருக்கட்டும், தூங்கும்போது கட்டிக்கொள்கிற துணி இருந்தால் அதை வையுங்கள்.

அதோடு தினமும் ஒரு துண்டுச் சீட்டு. ராத்திரி எப்படித் தூங்கினாள், காலையில் என்ன சாப்பிட்டாள், என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு. கீழே இரண்டு போன் நம்பர், அதில் அப்பாவின் நம்பர் முதலில். சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்ட அன்று பையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம், குழந்தை வீட்டில். முதல் லீவை அவர் போடட்டும்.