ரப்பர் மரக் கட்டிலை மொத்தமாக வாங்கும் முன்

கேள்வி: தஞ்சாவூரில் ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கிறேன். கேரளத்தில் ஒரு சப்ளையர் ரப்பர் மரக் கட்டிலும் வார்ட்ரோபும் 20 செட் தருகிறேன் என்கிறார். விலை குறைவு, ஆனால் பாதிப் பணம் அட்வான்ஸாகக் கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: ரப்பர் மரம் என்பதற்காகத் தயங்க வேண்டாம். பால் குறைந்துபோன மரங்களைச் சுமார் 25, 30 வருடத்தில் வெட்டிவிடுவார்கள். அதில் நல்ல கட்டிலே செய்யலாம். ஆனால் அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூச்சி சீக்கிரம் பிடிக்கும். வெட்டிய சில நாட்களுக்குள் போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தியிருக்க வேண்டும். இதைச் செய்யாத கட்டிலும் கடையில் பளபளவென்றுதான் நிற்கும். வாங்கியவர் வீட்டில் சில மாதம் கழித்து அடியில் மரத்தூள் கொட்டும்போது பேச்சு வாங்குவது நீங்கள்தான். விலை குறைவு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான்.

அதனால் போட்டோவைப் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு செட்டைக் காசு கொடுத்து வாங்கிப் பிரித்துப் பாருங்கள். பாலிஷ் படாத அடிப்பக்கத்தில், நாலைந்து இடத்தில் மாய்ஸ்சர் மீட்டர் (மரத்தின் ஈரத்தைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சரி. 18, 20 காட்டினால் வேண்டாம். சித்திரை வெயிலில் மரம் சுருங்கி மூட்டு விட்டுப்போகும்.

வார்ட்ரோபில் கதவை விட அடிப்பலகை முக்கியம். பார்ட்டிகிள் போர்டாக (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) இருந்து, கீழ் ஓரத்தில் எட்ஜ் பேண்ட் என்ற மூடு பட்டையை ஒட்டாமல் விட்டிருந்தால், வீடு துடைக்கும் தண்ணீரிலேயே உப்பிவிடும். ப்ளைவுட் என்றால் 'வாட்டர்ப்ரூஃப்' என்ற வாய்வார்த்தை போதாது. ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 303-இல் எம்.ஆர். (ஈரம் தாங்கும்) ரகமா, பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரகமா என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கட்டிலின் உள் அளவையும் எழுதி வாங்குங்கள். 72க்கு 75 மெத்தையும் 72க்கு 78 மெத்தையும் சந்தையில் இருக்கின்றன. அந்த மூன்று அங்குலத்தால் வரும் சண்டை கொஞ்சமில்லை.

சாம்பிள் பிடித்திருந்தால் இருவரும் அதில் கையெழுத்துப் போட்டு உங்கள் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாதி அட்வான்ஸ் அதிகம். 30 சதவீதத்துக்குப் பேசுங்கள். மீதியை, உங்கள் ஆள் ஒருவர் லோடு ஏற்றும் முன் சரக்கைச் சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். சொன்ன விலையில் ஜி.எஸ்.டி.யும் லாரி வாடகையும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், இறக்கும்போது உடைசல் தெரிந்தால் டிரைவர் கிளம்பும் முன்பே எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.