செனகலிலிருந்து ஏழடிக்காரர்கள் மட்டும்தான் வருவார்களா?

கேள்வி: செனகல் கூடைப்பந்து என்றாலே ஏழடி சென்டர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அந்த நாட்டிலிருந்து நல்ல கார்டு யாராவது வந்திருக்கிறாரா? இருந்தால் அவர் அமெரிக்காவின் என்பிஏ லீகுக்குப் போவாரா?

சென்டர் என்றால் வளையத்துக்கு அடியில் நிற்கும் நெட்டையர், கார்டு என்றால் பந்தைத் தட்டிக் கொண்டுபோய் ஆட்டத்தை அமைக்கிறவர். அப்படி ஒரு கார்டு இருக்கிறார். பெயர் பிரான்கு பாடியோ. உயரம் 1.90 மீட்டர், அதாவது ஆறடி மூன்றங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. தெருவில் நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள், கூடைப்பந்துக் கோர்ட்டில் பொடியன். ஸ்பெயினில் வலென்சியா அணிக்கு ஆடுகிறார்.

அவரை நான் கவனிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் சொந்தக் கதைதான். பள்ளியில் நானும் கார்டு. ஐந்தடி ஆறங்குலம். கூடையில் போடும் திறமை சுமார். எதிரணிக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது விடாமல் ஒட்டிக்கொள்கிற ஒரே வேலையை வைத்துத்தான் டீமில் இடம் பிடித்தேன். அதே வேலையை உலகத் தரத்தில் செய்கிற ஆள் கிடைத்தால் விடுவேனா?

உங்கள் எண்ணம் தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்பிஏ வரை போன செனகல்காரர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். 2001-இல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, என்பிஏ அணிகள் புதுமுகங்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் எட்டாவது ஆளாகத் தேர்வான தெசகானா டியோப். 2006-இல் பத்தாவதாகத் தேர்வான முகமது சேன். 2013-இல் 21-ஆவதாக வந்து பல வருடம் நின்று ஆடிய கோர்கி டியெங். அப்புறம் ஏழடி ஐந்தங்குலத்தில் டாக்கோ ஃபால். எல்லோருமே வளையத்துக்குக் கீழே நிற்கிறவர்கள்.

இதற்கு என்ன காரணம்? செனகல் பையன்களுக்குப் பந்து தட்ட வராது என்பதெல்லாம் இல்லை. எந்த ஆளைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பதினைந்து வயதில் ஆறடி எட்டங்குலம் இருக்கிற பையனைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை, கண் இருந்தால் போதும். பந்தைப் பிடிக்கவே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுக்கலாம், உயரத்தைத்தான் கற்றுக்கொடுக்க முடியாது. கார்டு கதை வேறு. அவனுக்கு எட்டு வயதிலிருந்து கையில் பந்து வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், வாராவாரம் சரியான எதிராளிகளோடு மோத வேண்டும். அப்படியே தேறினாலும் விமான டிக்கெட் வாங்கித் தர யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் ஆறடிக் கார்டுகள் அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறார்கள். தியெஸ் நகரில் அமதூ காலோ ஃபால் உருவாக்கிய சீட் அகாடமிதான் படிப்பையும் கூடைப்பந்தையும் சேர்த்துக் கொடுத்த பெரிய முயற்சி. அங்கிருந்து போன பெரிய பெயரும் கோர்கி டியெங்தான், அதாவது சென்டர்.

இந்தப் பள்ளம் தேசிய அணியில் நன்றாகவே தெரிந்தது. செனகல் ஆண்கள் ஐந்து முறை ஆப்பிரிக்கச் சாம்பியன், ஆனால் கடைசிப் பட்டம் 1997-இல், சொந்த ஊர் டக்காரில். 2014 உலகக் கோப்பையில் குரோஷியாவை 77-75 என்று சாய்த்து, பதினாறு அணிகள் சுற்று வரை போனது இன்றும் பேசப்படுகிற விஷயம். அதுவும் டியெங் தோளில் ஏறிப் போன பயணம். அதன்பிறகு பந்தைக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று கிளெவின் ஹன்னா என்ற அமெரிக்கரை அணியில் சேர்த்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் பிறந்து ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்தவர். பதினாறு வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்ற ஒருவரை ஒரு அணி வைத்துக்கொள்ளலாம் என்று உலகக் கூட்டமைப்பில் விதி உண்டு. அந்த ஒரே இடத்தை ஒரு நாடு எதற்குச் செலவழிக்கிறது என்பதைப் பார்த்தாலே அங்கே எது இல்லை என்று தெரிந்துவிடும். 2019 உலகக் கோப்பையில் ஹன்னா இருந்தும் லிதுவேனியாவிடம் 101-47. அந்த ஸ்கோரைப் பற்றி மேலே எதுவும் பேச வேண்டாம்.

சரி, பாடியோ. 1999-இல் ருஃபிஸ்கில் பிறந்தவர். டக்காருக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள பழைய துறைமுக ஊர் அது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நிலக்கடலை மூட்டைகள் கப்பலேறிய இடம். பதின்ம வயதிலேயே ஸ்பெயின் போய்விட்டார். அங்கே பார்சிலோனாவின் இரண்டாம் அணியில் ஆடி, முதல் அணியிலும் அவ்வப்போது இறங்கினார். அப்போது பார்சாவின் கோச் ஷாருனாஸ் யாசிகேவிசியஸ். ஐரோப்பா கண்ட மிகச் சிறந்த பாயிண்ட் கார்டுகளில் ஒருவர், பாராட்டுவதில் மகா கஞ்சர். அவரிடம் நாலு நிமிடம் கிடைத்தாலும் அது சம்பாதித்த நாலு நிமிடம்தான். ஆனால் பார்சா போன்ற இடத்தில் இளம் கார்டு பெஞ்சிலேயே வயதாகிவிடுவான்.

திருப்பம் மன்ரேசாவில். பார்சிலோனாவிலிருந்து மலைப்பக்கம் ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள சின்ன ஊர், 1998-இல் யாருமே எதிர்பாராமல் ஸ்பெயின் லீகை வென்ற ஊர். அங்கே கோச் பெத்ரோ மார்ட்டினெஸ். நிற்கவே விடாமல் ஓடவைத்து, ஆட்களை மாற்றி மாற்றி இறக்கி, கோர்ட் முழுக்க நெருக்குவது அவர் பாணி. பாடியோவுக்கென்றே தைத்த சட்டை மாதிரி. 2024-இல் மார்ட்டினெஸ், 2017-இல் தானே லீக் பட்டம் வாங்கிக்கொடுத்த வலென்சியாவுக்குத் திரும்பினார். அதே கோடையில் பாடியோவும் அங்கே. கோச் மாறும்போது கூடவே வரச் சொல்லும் வீரர் என்றால், அந்த நம்பிக்கையை எந்தப் புள்ளிவிவர அட்டையிலும் பார்க்க முடியாது.

அவர் ஆட்டத்தைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். எதிரணி தன் கூடைக்குக் கீழிருந்து பந்தை உள்ளே எறிகிற நேரம் எல்லோரும் மூச்சு வாங்குவார்கள், டிவி இயக்குநர்கூட அந்த நேரத்தில்தான் ரீப்ளே போடுவார். பாடியோ அங்கேயே போய் நிற்பார். பந்தைத் தொடவே மாட்டார். பந்து வைத்திருப்பவனின் நல்ல கைப்பக்கம் நெஞ்சைக் கொடுத்து, பக்கக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே பின்னால் ஓடுவார். அவன் முதுகைக் காட்டித் திரும்புவான், இவர் மறுபக்கம் வந்திருப்பார். பாதிக் கோட்டைத் தாண்ட விதிப்படி எட்டு நொடி. ஆறு நொடியை இப்படியே தின்றுவிட்டால், இருபத்து நாலு நொடிக் கடிகாரத்தில் மிச்சம் பதினெட்டு. அதற்குள் ஆட்டத்தை அமைக்க வேண்டும், ஏற்கெனவே மூச்சு வாங்குகிறது. கடைசியில் ஒரு அவசர ஷாட். ஸ்கோர் அட்டையில் பாடியோ பெயரில் ஒன்றுமே ஏறியிருக்காது.

வலென்சியா 2025 ஸ்பெயின் லீக் இறுதி வரை வந்து ரியல் மாட்ரிட்டிடம் 3-0 என்று தோற்றது. அதன்பிறகு ஐரோப்பாவின் உச்சப் போட்டியான யூரோலீகுக்கும் திரும்பிவிட்டார்கள். அந்த ஆட்டங்கள் இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும், மறுநாள் ஆபீஸில் என் முகம் சொல்லிவிடும்.

தேசிய அணியில் இப்போது பந்து இவர் கையில். 2025-இல் அங்கோலாவில் நடந்த ஆப்பிரிக்கச் சாம்பியன் போட்டியான ஆப்ரோபாஸ்கெட்டில் செனகலுக்கு வெண்கலம். 2017, 2021-இலும் வெண்கலம்தான். மூன்றாவது இடத்தை முன்பதிவே செய்துவிட்டார்கள் போல.

என்பிஏ? எனக்கு நம்பிக்கையில்லை. அங்கே அவர் அளவில், இன்னும் வேகமாக, இன்னும் இளசாக நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். போனாலும் குறுகிய ஒப்பந்தம், பாதி நாள் என்பிஏவுக்குக் கீழே உள்ள வளர்ச்சி லீகில் பஸ் பயணம். வலென்சியாவில் ஆட நிமிடம் இருக்கிறது, யூரோலீக் இருக்கிறது, பதினைந்தாயிரம் பேர் உட்காரும் புது அரங்கம் இருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்தால் மாட்ரிட்டிடம் பாக்கியிருக்கிற அந்த மூன்று தோல்விக் கணக்கைத் தீர்க்கத்தான் முதலில் பார்ப்பேன்.