ஸ்பேனருக்கு முன்னால் பென்சில்: பழைய பைக் கேள்வி பதில்

கேள்வி: என் அப்பா வைத்திருந்த புல்லட் 350 பதினைந்து வருடமாக மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஆர்.சி. புக்கில் 1974 என்று இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள், "அது அதுக்கும் முந்தின மிலிட்டரி வண்டிப்பா" என்கிறார்கள். உண்மையான வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வேலையை எங்கே தொடங்குவது?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு பென்சிலும் வெள்ளைத்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பார்களே, அதே வேலைதான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஸ்டீயரிங் கழுத்தில் இருக்கும் பிசுக்கைத் துடையுங்கள். இரும்பு பிரஷ், உப்புத்தாள் எதுவும் அந்த இடத்தில் படக்கூடாது. இன்ஜின் நம்பர் சிலிண்டருக்குக் கீழே கிராங்க்கேஸில் இருக்கும். இரண்டையும் தாளில் எடுத்து, ஆர்.சி. புக்கோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டு, தேதி எழுதி வையுங்கள்.

அடுத்தது, ஆர்.சி. புக்கில் இருக்கும் வருடம். ராணுவம் ஓட்டி முடித்து ஏலத்தில் விட்ட வண்டிகளை வாங்கியவர்கள், வாங்கிய பிறகுதான் தங்கள் பெயரில் பதிவு செய்தார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு ஆர்.சி. வருடம் ஒன்றாகவும், அது செய்யப்பட்ட வருடம் வேறாகவும் இருக்கும். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 புல்லட் கேட்டதில்தான் இந்த வண்டியை இந்தியாவில் செய்யும் கதையே ஆரம்பிக்கிறது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கினார்கள். 1956 முடிவதற்குள் 163 வண்டிகள் இங்கே தயாராயின. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். அப்புறம் ஒவ்வொரு பாகமாகச் சென்னைத் திருவொற்றியூர் தொழிற்சாலையிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதனால் அந்தக் கால வண்டிகளில் இங்கிலாந்துப் பாகமும் மெட்ராஸ் பாகமும் கலந்தே இருக்கும். அந்தக் கலவையை வைத்தே வண்டியின் வயதைப் படிக்கலாம்.

எலக்ட்ரிக்கல் பாகங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். இங்கிலாந்து லூகாஸ் கம்பெனிப் பாகங்களில் மாதமும் வருடமும் சின்னதாகப் பஞ்ச் அடித்திருப்பார்கள். "4 58" என்றிருந்தால் அது 1958 ஏப்ரலில் செய்தது. லூகாஸ்-டிவிஎஸ் என்றிருந்தால் நம் சென்னைத் தயாரிப்பு, 1960-களுக்கு முன்னால் அது வந்திருக்க வழியில்லை. ஸ்பீடோமீட்டர் மைலில் இருக்கிறதா, கிலோமீட்டரிலா என்று பாருங்கள். நம் நாட்டில் மெட்ரிக் அளவு 1962-ல்தான் கட்டாயமானது. கார்புரேட்டர் அந்தக் காலத்து ஆமல் மோனோபிளாக் என்றால் நல்ல செய்தி, மிக்கார்ப் என்றால் பிற்காலத்தில் யாரோ மாற்றியது.

ஆனால் ஒரே ஒரு பாகத்தை நம்பி வருடத்தை முடிவு செய்யாதீர்கள். லூகாஸ் பாகத்தில் 58 என்று இருப்பதால் வண்டியும் 58 ஆகிவிடாது. வேறு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருக்கலாம். நாலைந்து பாகங்கள் ஒரே காலத்தைச் சொன்னால், சேஸிஸ் நம்பரும் அதோடு ஒத்துப்போனால், அப்போது நம்பலாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1986-ல் எனக்கு இருபத்து நாலு வயது, திருச்சி பாலக்கரையில் பட்டறை போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒரு வாத்தியார் தன் பழைய புல்லட்டைக் கொண்டுவந்தார். கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகியது. புதிதாக ஒன்றைப் போட்டு, வண்டியை ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து கொடுத்தேன். கழற்றிய ஆமல் மோனோபிளாக்கைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். வாத்தியார் காலமான பிறகு, அவர் மகன் அந்த வண்டியை எப்படி வந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்று என்னிடமே வந்தார். ஒரு மோனோபிளாக்கைத் தேடி நானும் அவரும் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் எத்தனை நாள் அலைந்தோம் என்று கணக்கில்லை. கடைசியில் கிடைத்தது வேறு வண்டியுடையது. அதற்கப்புறம் என் பட்டறையில் கழற்றிய எதையும் நான் வெளியே விட்டதில்லை. சாக்குப்பையில் போட்டு, வண்டி நம்பரை எழுதிக் கட்டி, வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவேன்.

நீங்களும் ஒரு நட்டைத் திருகுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி நூறு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வயர் எந்தப் பக்கம் போகிறது, எந்த வாஷர் எங்கே இருக்கிறது, எல்லாம் தெரிய வேண்டும். பிஸ்டன் பிடித்திருந்தால் கிக்கரை மிதித்து உடைக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே டீசல் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள்.

கேள்வி: நான் வாங்கப்போகும் வண்டியில் இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை. விற்பவர், "பழைய நம்பரை அரத்தால் ராவிட்டு ஆர்.சி.யில் உள்ளதைப் பஞ்ச் பண்ணித் தருகிறேன், எல்லாரும் செய்வதுதான்" என்கிறார். செய்யலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடாது தம்பி. இன்ஜின் மாறியிருந்தால் ஆர்.டி.ஓ.விடம் முறையாக எழுதிக் கொடுத்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வழியிருக்கிறது. ராவி அடித்தால் அது குற்றம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம்பர் பஞ்ச் அடிக்கும்போது அந்த அடி மேல்தோலோடு நிற்பதில்லை, கீழே உள்ள உலோகமும் இறுகிப்போகிறது. தடயவியல் ஆட்கள் அமிலம் தடவினால், ராவிய இடத்தில் பழைய எண் திரும்பத் தெரியும். அந்த இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பேப்பர் சரியாகும் வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: புல்லட்டுக்கு எல்லாப் பாகமும் புதிதாகவே கிடைக்கிறதே. துருப்பிடித்த பழையதை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். டயர், டியூப், கேபிள், வயரிங், ரப்பர், ஆயில் சீல், பேரிங், பிளாட்டினம் பாயிண்ட், கண்டென்சர் இவையெல்லாம் தேய்வதற்கென்றே செய்தவை. தயங்காமல் புதிது போடுங்கள். பிரேக் லைனிங்கும் அப்படித்தான். ஆனால் பழைய லைனிங் தூசியை வாயாலோ ஏர் பைப்பாலோ ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

சேஸிஸ், கிராங்க்கேஸ், கியர்பாக்ஸ் கூடு, டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ், இரண்டு பக்கமும் குட்டி விளக்கு வைத்த ஹெட்லைட் கூடு ஆகியவற்றைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். புதிதாக வரும் மட்கார்டைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தகடு மெலிந்திருப்பது தெரியும். பழைய மட்கார்டில் ஓட்டை விழுந்திருந்தாலும் டிங்கரிங் ஆசாரி ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிடுவார். சிலிண்டர் தேய்ந்திருந்தால் மாற்றத் தேவையில்லை. புல்லட் 350-க்குப் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 90. லேத்தில் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் அதே சிலிண்டர் இன்னும் ஒரு தலைமுறை ஓடும்.

கேள்வி: எஸ்டேட்டில் வேலை பார்த்த தாத்தாவின் பி.எஸ்.ஏ. பி31 பைக் எங்களிடம் இருக்கிறது. இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வேறு வேறு. இன்ஜின் மாற்றிய வண்டி, விலை போகாது என்கிறார் புரோக்கர். உண்மையா?
– வாசகர், வால்பாறை

பதில்: விற்காதீர்கள். புரோக்கர் சொல்வது தப்பு. 1950-களின் பி.எஸ்.ஏ. வண்டிகளில் பர்மிங்ஹாம் தொழிற்சாலையிலேயே இன்ஜினுக்கு ஒரு வரிசை, சேஸிஸுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக அடித்தார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். நீங்கள் பார்க்க வேண்டியது நம்பருக்கு முன்னால் வரும் எழுத்துகளை. அவை வண்டி எந்த மாடல், எந்தக் காலகட்டம் என்று சொல்லும். இன்ஜின் எழுத்தும் சேஸிஸ் எழுத்தும் ஒரே காலத்தைக் காட்டுகின்றனவா என்பதுதான் கேள்வி. சேஸிஸின் அமைப்பையும் பாருங்கள். பி31 முதலில் பின்பக்கம் சஸ்பென்ஷனே இல்லாமல் வந்தது, பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆடவிடும் ஸ்விங் ஆர்ம் 1954-ல்தான் வந்தது. தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் வெளியே போன பேரேடுகள் இன்றைக்கும் இங்கிலாந்தில் இருக்கும் வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பென்சில் பிரிண்ட்டின் போட்டோவோடு எழுதிக் கேளுங்கள்.

எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதி கிடையாது என்பதற்கு இன்னொரு பிரிட்டிஷ் பைக் கம்பெனியான டிரையம்ப்பைச் சொல்லலாம். 1969 முதல் டிரையம்ப்பில் இரண்டு நம்பரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். முன்னால் இரண்டு எழுத்து வரும், முதலாவது மாதம், இரண்டாவது வருடம். "ஏ.டி." என்றால் 1970 ஜனவரி. நம்பர் அடிக்கும் இடத்தில் கம்பெனி முத்திரையைச் சின்னச் சின்னதாக நிரப்பி, அதன் மேல்தான் எண்ணை அடித்தார்கள். யாராவது ராவினால் முத்திரையும் சேர்ந்து அழிந்துவிடும்.

உங்கள் பி.எஸ்.ஏ.வுக்கு இன்னொரு எச்சரிக்கை. அதில் இருப்பது பழைய பிரிட்டிஷ் மரை. விட்வொர்த், பி.எஸ்.எஃப். என்ற அந்தப் பழைய வகை மரைகளின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரைக்கு 60. கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட் இரண்டு சுற்று உள்ளே போகும், அப்புறம் இறுகும். பலம் கொடுத்தால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும். மெட்ரிக் ஸ்பேனர் போட்டால் போல்ட் தலை உருண்டுவிடும். சரியான ஸ்பேனர் செட் வாங்கிய பிறகு தொடுங்கள்.

கேள்வி: கழிவுப்பாகில் ஊறவைத்தால் துரு போகும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் ஊரில் சர்க்கரை ஆலை இருக்கிறது.
– வாசகர், பெண்ணாடம்

பதில்: உண்மை. நானே பிளாஸ்டிக் டிரம்மில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். இரண்டு மூன்று வாரம் ஊற வேண்டும். நாற்றம் தாங்காது, வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். அது துருவை மட்டும் தின்னும், நல்ல இரும்பைப் பெரிதாகத் தொடாது. அதனால் பஞ்ச் அடித்த எழுத்துகள் கூர்மையாகவே மிஞ்சும். மணல் அடித்துச் சுத்தம் செய்தால் அந்த எழுத்துகள் மழுங்கிப்போகும். அலுமினியத்தை மட்டும் மறந்தும் உள்ளே போடாதீர்கள், அரித்துவிடும். எடுத்ததும் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். ஓர் இரவு விட்டாலும் மறுபடி துரு பூக்கும்.

கேள்வி: வின்டேஜ் பதிவு என்று ஒன்று வந்திருக்கிறதாமே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவுத் தேதியிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். நம்பரில் "வி.ஏ." என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று ஓட்டலாம். தினமும் கடைக்கும் வேலைக்கும் எடுத்துப்போகக் கூடாது. ஓட்டுவதற்காகவே வைத்திருப்பவர்கள் யோசித்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் கணவரின் புல்லட்டை மகனுக்காகச் சரிசெய்கிறோம். டேங்க்கில் பெயிண்ட் மங்கி, ஓரத்தில் உரிந்திருக்கிறது. முழுக்கச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. அந்த டேங்க்கில் இருக்கும் தங்கக் கோடு இயந்திரம் போட்டதில்லை. திருவொற்றியூரில் ஒருவர் டேங்க்கை எதிரே வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரே மூச்சில் கையால் இழுத்தது. ஓரிடத்தில் கோடு லேசாகத் தடித்து, இன்னோரிடத்தில் மெலிந்திருக்கும், உற்றுப் பாருங்கள். சுரண்டினால் அது போய்விடும். ஸ்டிக்கரை ஒட்டி ஈடுகட்ட முடியாது.

முதலில் இளஞ்சூட்டு நீரில் ஷாம்பு கலந்து கழுவச் சொல்லுங்கள். பிறகு மென்மையான பாலிஷ், கையால் மட்டும், மெஷின் வேண்டாம். மங்கல் பெரும்பாலும் மேலே படிந்த அழுக்குதான். உரிந்த ஓரத்தில் துருவை நிறுத்தும் பிரைமர் தொட்டுவைத்து, அந்த அளவுக்கு மட்டும் நிறம் சேர்க்கலாம். சரியான நிறம் வேண்டுமென்றால் சீட்டுக்கு அடியிலோ டூல் பாக்ஸ் உள்பக்கமோ வெயில் படாத பெயிண்ட் இருக்கும், அதைக் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள்.

சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங் செய்யச் சொன்னாலும் நம்பர் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். அது தடிமனாகப் படிந்து எழுத்துகளை நிரப்பிவிடும், பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரிண்ட் விழாது. டேங்க்கின் உள்ளே துரு இருந்தால் கையளவு சின்ன நட்டுகளும் வினிகரும் போட்டு மகனைக் குலுக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டுச் செய்ய வேண்டும். போட்ட நட்டுகளை முதலிலேயே எண்ணிவைத்து, வெளியே எடுத்த பிறகும் ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.