கப்பல் காத்திருக்குமா?

கேள்வி: நானும் கணவரும் முதல் முறையாகச் சொகுசுக் கப்பலில் போகிறோம். பார்சலோனாவில் ஏறி ரோம், மால்டா, சாண்டோரினி, துருக்கியின் கூசாதாசி பார்த்துவிட்டு ஏதென்ஸில் இறங்குகிறோம். கப்பல் கம்பெனி நடத்தும் டூர்கள் எல்லாம் பகல் கொள்ளை, நாமே இறங்கிச் சுற்றிவிட்டு வரலாம் என்கிறார் இவர். ரோமுக்கு அவர் போட்ட அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் நமக்காகக் காத்திருக்குமா? (பெயர் வேண்டாம் என்கிற வாசகி)

பதில்: காத்திருக்காது. கப்பல் கம்பெனியின் டூர் பஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் பொதுவாகக் காத்திருப்பார்கள். அது முடியாவிட்டால், அடுத்த துறைமுகத்தில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. உங்கள் கணவர் பகல் கொள்ளை என்று சொல்லும் விலையில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் எட்டுப் பயணிகளுக்கு இது நடந்தது. டூர் முடிந்து தாமதமாக வந்தார்கள். கப்பல் இன்னும் கண்ணெதிரேதான் நின்றது, ஆனால் ஏற்றிக்கொள்ளவில்லை. பாஸ்போர்ட்டுகளைத் துறைமுக ஏஜெண்டிடம் (கப்பல் கம்பெனியின் வேலைகளைக் கரையில் பார்க்கும் உள்ளூர் ஆள்) ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டது. காம்பியாவில் பிடித்துவிடலாம் என்று பார்த்தார்கள், அங்கே கப்பல் கரைக்கு வர முடியவில்லை. கடைசியில் செனகலின் டக்காரில்தான் ஏற முடிந்தது. இவர்கள் மனம்போன போக்கில் தனியாகத் திரிந்தவர்கள் அல்ல. டூரில்தான் போனார்கள், அது கப்பலின் டூர் இல்லை. வெளியாள் நடத்தும் டூர் மலிவு என்று யாராவது சொன்னால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக நான்கு ஊருக்கும் ஒரே அளவு பயப்படாதீர்கள். துறைமுகத்திலிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்று பார்த்துப் பயப்படுங்கள்.

மால்டாவில் உங்கள் கணவர் சொல்வதே சரி. கப்பல் வலேட்டா நகரத்தின் காலடியிலேயே வந்து நிற்கும். கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் 58 மீட்டர் உயர லிஃப்ட் ஒன்று, ஏறி வெளியே வந்தால் மேல் பாரக்கா தோட்டம். நண்பகலில் அதன் கீழே பீரங்கி முழங்கும். தோட்டத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால் துறைமுகத்தில் உங்கள் கப்பலே நிற்கும். கொண்டுபோன பயமெல்லாம் அங்கேயே இறங்கிவிடும். ஊரை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தே பார்க்கலாம். இங்கே டூருக்குப் பணம் கட்டினால் உங்களைத்தான் சொல்ல வேண்டும்.

ரோம் கதை வேறு. கப்பல்காரர்கள் ரோம் என்று போடும் துறைமுகம் சிவிட்டாவெக்கியா. அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். உங்கள் கப்பல் காலை ஏழுக்கு வந்து மாலை ஏழுக்குக் கிளம்புகிறது, ஆகவே பன்னிரண்டு மணி நேரம் என்று அட்டவணையில் இருக்கிறது. கூட்டல் சரி, கணக்குத் தப்பு. துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து, லிஃப்டுக்கு வரிசையில் நின்று நீங்கள் கரையில் கால் வைக்கவே எட்டாகும். பிறகு துறைமுகத்துக்குள் ஓடும் பஸ், ஸ்டேஷன்வரை நடை, டிக்கெட், ரயில். ரோமின் பெரிய ஸ்டேஷனான டெர்மினியில் இறங்கும்போது பத்தாகிவிடும். மாலையில் கடைசியாக ஏற வேண்டிய நேரம், கப்பல் கிளம்பும் நேரத்துக்கு அரைமணி முன்னால். அதற்கும் இரண்டு மணி நேரம் முன்பே சிவிட்டாவெக்கியா திரும்பிவிட வேண்டும் என்பது என் கணக்கு. ஒரு ரயில் ரத்தானால் அடுத்ததைப் பிடிக்க அந்த இடைவெளி வேண்டும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அபூர்வமல்ல, முன்கூட்டியே அறிவிப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, மூன்று மணிக்கு ரோமை விட்டுக் கிளம்பியாக வேண்டும். கையில் இருப்பது ஐந்து மணி நேரம். அதில் கொலோசியம், வாட்டிகன் மியூசியம், ட்ரெவி நீரூற்று, பாந்தியன், 'சாவகாசமாக மதியச் சாப்பாடு' என்று எழுதியிருக்கிறார். சாவகாசம் எங்கிருந்து வரும்?

ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். வாட்டிகன் பக்கம் என்றால் டெர்மினி வரை போகவே வேண்டாம். சான் பியேத்ரோ என்ற ஸ்டேஷனிலேயே இறங்கலாம், புனித பேதுரு பேராலயம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். கொலோசியம் பக்கம் என்றால் நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள்.

சாண்டோரினியில் தூரம் கிடையாது, உயரம்தான். கப்பல் கரைக்கு வராது. நடுநீரில் நிற்கும், சின்னப் படகில் இறக்குவார்கள். கப்பலின் டூர் எடுத்தவர்களுக்கு முதல் படகு, மற்றவர்கள் எண் சீட்டோடு காத்திருக்க வேண்டும். செங்குத்துப் பாறையின் உச்சியில் ஃபிரா ஊர். ஏறுவதற்குக் கேபிள் கார், இல்லையென்றால் ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். காலையில் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். சாயங்காலம் மூன்று கப்பல்களின் ஜனமும் ஒரே நேரத்தில் இறங்க நினைக்கும்போது, கேபிள் கார் வரிசை சந்துகளைச் சுற்றிக்கொண்டு போகும். அப்படி ஒரு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், நிமிஷத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று மனைவி கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். அந்தப் படிகளில் கோவேறு கழுதைகளும் நடக்கும், அவற்றின் சாணமும் கிடக்கும். அந்த அம்மா வெள்ளைச் செருப்பு போட்டிருந்தார். வரிசை நீளும் முன் இறங்கிவிடுங்கள். கீழே உட்கார்ந்து கடல் பார்க்கலாம்.

கூசாதாசியில் எஃபெசஸ் இடிபாடுகள் 20 கிலோமீட்டருக்குள்தான், டாக்சி போதும். ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனில் துருக்கி இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை என்றால், துருக்கிக்கும் ஒன்று வேண்டுமா என்று கப்பல் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். அதன்பின் ஏதென்ஸ் வருவது ஷெங்கனுக்குள் இரண்டாவது நுழைவு. ஒருமுறை மட்டும் நுழையும் விசா எடுத்து வைத்திருந்தால் அது போதாது, கப்பலில் ஏறவே முடியாமல் போகலாம். பிறகு கப்பல் கிளம்புவதைப் பற்றிய கவலையே உங்களுக்கு இருக்காது!

இன்னும் இரண்டு விஷயம். கிரீஸின் நேரம் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னால். கப்பலில் எந்த நேரத்தை வைத்திருக்கிறார்களோ அதுதான் செல்லும், உங்கள் போன் காட்டுவது செல்லாது. பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். இரவில் கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக ஏஜெண்டின் தொலைபேசி எண் இருக்கும். முக்கால்வாசிப் பேர் அதைக் குப்பையில் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். மடித்துக் கைப்பையில் வையுங்கள், பக்கத்தில் ஒரு நாள் மருந்தும்.

அட்டவணையை மறுபடி பார்த்தேன். ரோமுக்கு நீங்கள் வருவது மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. வாட்டிகன் மியூசியம் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை. கணவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.