வாசகர் கேள்விகள்: காப்பகத்து நாயும் உங்கள் வீடும்

காப்பகத்திலிருந்து நாய் எடுப்பது பற்றி புதுச்சேரி, கடலூர் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

தத்தெடுக்கலாம் என்று காப்பகத்துக்குப் போனேன். வாடகை வீடா, பகலில் யார் இருப்பார்கள் என்று ஏகப்பட்ட கேள்வி கேட்டு, குடும்பத்தோடு இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தெருவில் சும்மா திரியும் நாட்டு நாய்க்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு?
– வாசகர், லாஸ்பேட்டை

உங்கள் கோபம் புரிகிறது, ஆனாலும் அவர்கள் செய்தது சரி. வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, மாமியாருக்குப் பிடிக்கவில்லை, பையன் ஆசைப்பட்டானே என்று எடுத்தோம், இப்போது அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான் என்று ஏதாவது ஒரு காரணத்தோடு நாய்கள் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒரு வீட்டில் ஆறு மாதம் படுத்து எழுந்த நாயை மறுபடி கூண்டில் விட்டால் அது மற்ற நாய்களோடு சேராது, கேட்டைப் பார்த்தபடியே படுத்திருக்கும். விட்டுவிட்டுப் போனவருடைய ஸ்கூட்டர் மாதிரி ஒரு சத்தம் ரோட்டில் கேட்டால் எழுந்து நிற்கும், வண்டி தாண்டிப் போனதும் படுத்துக்கொள்ளும், சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். இதைப் பார்த்த யாரும் அடுத்து வருபவரிடம் நாலு கேள்வி கேட்காமல் நாயைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

சட்டமும் இப்போது அதைத்தான் சொல்கிறது. 2023-ம் ஆண்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டால், பொதுவாகப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும். நீங்கள் தத்தெடுத்துவிட்டால் கதை வேறு. அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. அதனால் வீட்டுக்காரரிடம் முதலில் பேசிவிட்டு, வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள். முக்கியமாக, நாய் வேண்டாம் என்று சொல்கிறவரையும் கூட்டிப்போங்கள், பகலில் அதோடு இருக்கப்போவது பெரும்பாலும் அவர்தான்.

காப்பகத்திலிருந்து மூன்று வயது பெண் நாயைக் கூட்டி வந்து பத்து நாள் ஆகிறது. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, சரியாகச் சாப்பிடவில்லை, கையை நீட்டினால் உறுமுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

வேண்டாம்மா, கொஞ்சம் பொறுங்கள். பத்து நாள் என்பது ஒன்றுமே இல்லை. நாய்களோடு பழகியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் அடங்க மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று அதற்குத் தோன்ற மூன்று மாதம். நாய்க்கு நாய் இது மாறும், பயந்த நாய்க்கு இன்னும் இழுக்கும். நாற்பது நாய் குரைக்கிற இடத்திலிருந்து வந்து, குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல் என்று எதுவுமே பழக்கமில்லாத ஒரு இடத்தில் அது மாட்டிக்கொண்டிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் முதுகுப் பக்கம் சுவர் இருக்கிறது, எதிரில் வருவது தெரிகிறது, அதனால்தான் அங்கே போய்ப் படுக்கிறது.

அங்கிருந்து அதை இழுக்காதீர்கள். அங்கேயே ஒரு பழைய பெட்ஷீட் போட்டு, தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் சோறு வைக்கட்டும், காரம், வெங்காயம் இல்லாமல் சாதத்தோடு எலும்பு நீக்கிய வேகவைத்த கோழி போதும், கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் அதே அறையில் தரையில், அதற்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், கீரை ஆய்ந்தாலும் சரி, போன் பார்த்தாலும் சரி. அதன் கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோக வேண்டாம். ஒருநாள் அதுவாக வந்து உங்கள் கையை முகரும், அப்போதும் உடனே தடவிவிடாமல் அப்படியே விடுங்கள். குளிப்பாட்டுவது, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

உறுமலுக்கு மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். கிட்டே வராதே என்று சொல்ல அதற்கு இருக்கிற வழி அது ஒன்றுதான். அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். மீறிப் பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதால் டாக்டரிடம் ஒரு தரம் காட்டிவிடுவது நல்லது. நம் பக்கத்து வெக்கைக்கும் ஈரத்துக்கும் உண்ணி அதிகம், உண்ணிக் காய்ச்சலை நிறைய பேர் சோகம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உதட்டைத் தூக்கவிட்டால் ஈறைப் பாருங்கள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கில் கொடுக்கவேண்டி வரும், நடுவில் நிறுத்தக் கூடாது. நம் வீட்டுப் பாராசிட்டமால் மட்டும் வேண்டவே வேண்டாம், அது நாய்க்கு விஷம்.

மழையில் கால்வாய் ஓரம் இரண்டு குட்டிகள் கிடந்தன. கண் திறந்துவிட்டது, தள்ளாடி நடக்கின்றன. எந்தக் காப்பகத்தில் விடலாம்?
– வாசகர், அரியாங்குப்பம்

முதலில் தாய் இருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். மழையில் தாய் நாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் இடம் மாற்றும், நாம் அவசரப்பட்டுத் தூக்கி வந்தால் பாதிக் குடும்பம் அங்கே, பாதி இங்கே என்று ஆகிவிடும். தாய் வரவே இல்லை என்றால், காப்பகத்தில் விடுவதைவிட உங்கள் வீட்டில் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொள்வதுதான் நல்லது. பல ஊர் நாய்கள் வந்துபோகிற இடத்தில் பார்வோ வைரஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அது மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்தால் வாந்தியும் ரத்தப்போக்குமாக இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும்.

குளிர்ந்துபோயிருந்தால் முதலில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலால் சூடேற்றுங்கள், பால் அப்புறம்தான். பசும்பால் வயிற்றைக் கெடுக்கும், நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், குப்புற இருக்கும்போதே கொடுங்கள். வயிற்றுப் பூச்சிக்கான மருந்தை குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எடை பார்த்துக் கேளுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. அதற்குள் நல்ல வீடும் தேடிவிடலாம்.

ஒன்பது வயது லாப்ரடார். நாங்கள் சென்னையில் ஃபிளாட்டுக்கு மாறுகிறோம். காப்பகத்தில் விட்டு மாதாமாதம் பணம் அனுப்பலாமா?
– வாசகி, ரெட்டியார்பாளையம்

கூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான் என் பதில். நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது, விலங்குகள் நல வாரியம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நடைப்பயிற்சிக்கு நேரம் ஒதுக்கினால் ஒன்பது வயது நாய்க்கு ஃபிளாட் தாராளம். ஒன்பது வருடம் உங்கள் வீட்டுக்குள் படுத்த நாயால் சிமென்ட் தரையையும் கூட்டத்தையும் தாங்க முடியாது, இந்த வயதில் அதை எடுத்துக்கொள்ள வேறு ஆள் வருவதும் அபூர்வம். நீங்கள் அனுப்புகிற பணத்தால் அதற்கு ஒரு ஆறுதலும் இல்லை.

உண்மையிலேயே முடியாது என்றால், அதற்குப் பழக்கமான யாராவது, தங்கையோ பக்கத்து வீட்டுக்காரரோ, எடுத்துக்கொள்வார்களா என்று இப்போதே கேளுங்கள். கிளம்புகிற வாரத்தில் கேட்டால் நடக்காது. இரண்டு மாதம் முன்பிருந்தே வாராவாரம் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போய், அதன் விரிப்பையும் கிண்ணத்தையும் அங்கே வைத்துப் பழக்குங்கள்.

காப்பகத்துக்கு என்ன கொடுக்கலாம்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பழைய பெட்ஷீட், துண்டு, சாக்கு, அரிசி, பிளீச்சிங் பவுடர். சாதாரண பினாயிலுக்குப் பார்வோ சாகாது, பிளீச்சிங் பவுடருக்குச் சாகும். கல்யாண வீட்டு மிச்சப் பிரியாணி வேண்டாம், வெந்த எலும்பு குடலைக் கிழித்துவிடும். அதோடு ஒரு மணி நேரமும் கொடுக்க முடிந்தால் வாரநாளில் சாயங்காலம் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை எப்படியும் ஆள் வந்துவிடுகிறார்கள். நாய்களைக் கயிற்றில் பிடித்து நடத்த எங்கள் காப்பகத்தில் செவ்வாய், புதன் அன்றுதான் ஆள் பற்றவில்லை.