அனலாக் சிந்தசைசர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் – கேள்வி பதில்

கேள்வி: ஏழு வருடமாக மெல்லிசைக் குழுவில் ரிதம் வரும் கீபோர்டு வாசிக்கிறேன். இப்போது ஒரு அனலாக் சிந்தசைசர் வாங்கிக் கற்றுக்கொள்ள ஆசை. கடையில் எதைக் கேட்டாலும் "இதுவும் அனலாக் சவுண்டுதான்" என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்களிடம் இப்போது இருப்பது அரேஞ்சர் கீபோர்டு. அதில் கேட்கும் வயலின், வீணை, தபேலா எல்லாம் முன்பே பதிவு செய்து உள்ளே வைத்த ஒலிகள். அனலாக் சிந்தசைசரில் அப்படி ஒன்றும் கிடையாது. மின்சுற்று எழுப்பும் அலை ஒன்று, அதைச் செதுக்க ஒரு ஃபில்டர், ஒலி எப்படி எழும்பி எப்படி அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் என்வலப், இவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து தபேலா எங்கே என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர். அதனால் அரேஞ்சரை விற்றுவிட்டு இதை வாங்காதீர்கள். கச்சேரிக்கு அது வேண்டும்.

அடுத்தது பெட்டி மேல் இருக்கும் வார்த்தை. 'அனலாக் மாடலிங்', 'வர்ச்சுவல் அனலாக்', 'அனலாக் சர்க்யூட் பிஹேவியர்' என்று போட்டிருந்தால் அது டிஜிட்டல் கருவி; அனலாக்கைக் கணக்குப் போட்டுப் பாவனை செய்கிறது. 2002இல் வந்த கோர்க் மைக்ரோகோர்க் இந்த வகை. ரோலண்ட் பொட்டீக் வரிசையில் ஜேயூ-06ஏ டிஜிட்டல், அதே வரிசையில் வந்த எஸ்இ-02 நிஜ அனலாக். ஆகவே வரிசையின் பெயரை நம்பி வாங்க முடியாது. ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக்கில் ஆசிலேட்டர் (அலையை எழுப்பும் பகுதி) டிஜிட்டல், ஃபில்டர் அனலாக். இவை எல்லாமே நல்ல கருவிகள். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஆசிலேட்டர், ஃபில்டர் இரண்டுமே அனலாக்கா?" பதில் டிசிஓ (டிஜிட்டல் கட்டுப்பாட்டில் இயங்கும் ஆசிலேட்டர்) என்று வந்தால் பயப்பட வேண்டாம். அதிலும் அலையை எழுப்புவது அனலாக் சுற்றுதான். சுருதி நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டும் டிஜிட்டல் கடிகாரம்.

மூன்றாவது, ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்கும் என்பது. கோர்க் மோனோலாக் மாதிரி ஒற்றைக் குரல் கருவியில் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து) வாசிக்க முடியாது; தாழ்ஸ்வர பேஸுக்கும் தனி மெட்டு வாசிக்கும் லீடுக்கும்தான் அது. கோர்க் மினிலாக்கில் நான்கு குரல். ஐந்தாவது கீயை அழுத்தினால் ஏற்கெனவே ஒலிக்கும் ஒன்று அறுந்து போகும். அதன் 37 கீயும் சின்னவை. கடையிலேயே ஒரு ஆக்டேவுக்கு விரலை விரித்துப் பாருங்கள். 'வீட்டில் இருக்கும் பெரிய கீபோர்டை மிடியில் (எந்தக் கீ அழுத்தப்பட்டது என்று கருவிகள் ஒன்றுக்கொன்று சொல்லும் இணைப்பு) இணைத்துக்கொள்ளலாம்' என்று நினைத்தால், அதன் பின்பக்கம் ஐந்து முள் மிடி சாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பல அரேஞ்சர்களில் யூஎஸ்பி மட்டும்தான் இருக்கும். இரண்டு கருவிகளை யூஎஸ்பியில் நேராக இணைத்தால் ஒன்றும் நடக்காது. நடுவில் கம்ப்யூட்டரோ யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் பெட்டியோ வேண்டும்.

கற்றுக்கொள்ளத்தான் வாங்குகிறீர்கள் என்பதால் எத்தனை ரெடிமேட் ஒலி உள்ளே இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஒரு வேலைக்கு ஒரு குமிழ் என்று முகப்பிலேயே எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த விஷயத்தில் ஆர்ட்டூரியா மைக்ரோப்ரூட் அருமையான ஆசிரியர். ஆனால் செய்த ஒலியைச் சேமிக்க அதில் நினைவகமே கிடையாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குள் எல்லாக் குமிழையும் கையால் மாற்ற வேண்டும். மேடையில் வாசிக்கும் உங்களுக்கு, 200 பேட்ச் (குமிழ்களின் நிலையோடு சேமித்த ஒலி) சேமிக்க இடமுள்ள மினிலாக் மாதிரி ஒன்றுதான் சரி. அதற்கு முன் ஒரு மாதம் விசிவி ராக் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பழகிப் பாருங்கள். அலுப்புத் தட்டினால் பணம் மிச்சம்.

கேள்வி: வாங்கிவிட்டேன். உள்ளே இருக்கும் ஒலிகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் குமிழைத் தொட்டால் குழம்புகிறது. புரோகிராம் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ரெடிமேட் பேட்சில் தொடங்கியதுதான் குழப்பத்துக்குக் காரணம். அதில் இருபது விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். இதற்கு 'இனிட்', 'மேனுவல்', 'பேனல்' என்று கருவிக்குக் கருவி பெயர் மாறும். கையேட்டில் தேடிப் பிடியுங்கள்.

வால்யூமைக் குறைத்துக்கொண்டு இப்படி வையுங்கள். ஒரே ஒரு ஆசிலேட்டர், ரம்பப் பல் அலை. ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் இரண்டாவது ஆசிலேட்டரும் நாய்ஸும் (இரைச்சல்) பூஜ்யம். ஃபில்டர் எங்கிருந்து வெட்ட வேண்டும் என்று சொல்லும் கட்-ஆஃப் முழுக்கத் திறந்து, வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸ் பூஜ்யம். ஃபில்டருக்குப் போகும் என்வலப் அளவு பூஜ்யம். சில கருவிகளில் இந்தக் குமிழின் நடுப்புள்ளிதான் பூஜ்யம், கவனம். எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக அசைக்கும் அலை) அளவு பூஜ்யம். சத்தத்தின் அளவை ஆளும் ஆம்ப் என்வலப்பில் அட்டாக் (எழும்புவது), டிகே (இறங்குவது), ரிலீஸ் (விரலை எடுத்த பின் அடங்குவது) மூன்றும் பூஜ்யம், சஸ்டெயின் (நிற்கும் அளவு) முழுசு. கீயை அழுத்தினால் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு மொட்டையான ஒலி வரும். விரலை எடுத்தால் பட்டென்று நிற்கும். இதுதான் கச்சாப் பொருள்.

முதல் நாள் அலைகளை மட்டும் மாற்றிக் கேளுங்கள். சதுர அலை உள்ளே காலியாக இருப்பது போல ஒலிக்கும். அதன் பல்ஸ் அகலத்தைக் குறைக்கக் குறைக்க மூக்கால் பாடுவது போல மெலியும்.

பிறகு ரம்பப் பல் அலைக்குத் திரும்பி, ஒரு கீயை அழுத்திப் பிடித்தபடி கட்-ஆஃபை மெதுவாக மூடுங்கள். மேல் ஒலிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் மூடிய கதவுக்குப் பின்னால் கேட்பது போல ஆகும். ரெசொனன்ஸைப் பாதி ஏற்றிவிட்டு மறுபடி மூடித் திறந்தால், வாய் குவித்து 'ஊ'விலிருந்து 'ஈ'க்குப் போவது போலக் கேட்கும். நாலைந்து நாள் இதிலேயே இருங்கள். அனலாக் கருவிக்கு நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த ஃபில்டருக்குத்தான். ரெசொனன்ஸை உச்சத்துக்கு ஏற்றினால் பல ஃபில்டர்கள் தாமே விசிலடிக்கத் தொடங்கும். ஹெட்போன் போட்டுக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது என்வலப். தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் சஸ்டெயின். அட்டாக், டிகே, ரிலீஸ் மூன்றும் நேரம். சஸ்டெயின் நேரம் அல்ல, அளவு. விரல் கீயின் மேல் இருக்கும்வரை ஒலி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது அது. சஸ்டெயினை முழுசாக வைத்துவிட்டு டிகே குமிழைத் திருகினால் எந்த மாற்றமும் கேட்காது. இறங்க இடமில்லையே! கருவியில் கோளாறு என்று பலர் நினைத்துக்கொள்வது இதைத்தான்.

இப்போது ஒரு பேஸ் செய்யலாம். கட்-ஆஃபைக் கடிகார முள் கணக்கில் 9 மணிக்கும், ரெசொனன்ஸை 10 மணிக்கும் கொண்டுவாருங்கள். ஃபில்டர் என்வலப்பில் அட்டாக் பூஜ்யம், டிகே சுமார் 300 மில்லி செகண்ட், சஸ்டெயின் பூஜ்யம். என்வலப் அளவைப் பாதிக்கு ஏற்றி, கீழ் ஆக்டேவில் வாசியுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் நரம்பைச் சுண்டியது போலத் திறந்து மூடும். அதே பேட்சில் ஃபில்டர் அட்டாக்கை 80 மில்லி செகண்டுக்கு ஏற்றி, ஃபில்டர் சஸ்டெயினைப் பாதிக்குக் கொண்டுவந்து, மேல் ஆக்டேவில் கார்டு வாசித்தால் பித்தளைக் குழல் வாடை வந்துவிடும்.

கடைசியாக இரண்டாவது ஆசிலேட்டரைச் சேர்த்து, அதன் சுருதியை 5 சென்ட் மட்டும் விலக்குங்கள். ஒரு அரைஸ்வரம் 100 சென்ட். 440 ஹெர்ட்ஸில் 5 சென்ட் விலகினால் ஒலி நொடிக்குச் சுமார் 1.3 முறை அலைந்து தடிமனாகும். மேல் ஆக்டேவுக்குப் போனால் அலைச்சல் இரட்டிப்பாகும். அங்கே பிசிறு தட்டினால் விலகலைக் குறையுங்கள்.

கேள்வி: நேற்று வரை வாசித்த கருவியில் இன்று சத்தமே இல்லை. விளக்கு எரிகிறது. சர்வீசுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள். கட்-ஆஃப் முழுக்க மூடியிருந்தால் சத்தம் வராது. பல்ஸ் அகலம் ஓரத்துக்குப் போயிருந்தால் சில கருவிகளில் அலையே மறைந்துவிடும். ஆம்ப் அட்டாக் ஏறியிருந்தால் கீயைப் பல நொடி பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இவை சரியாக இருந்தும் சத்தம் இல்லை, ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து மிடி அனுப்பினால் ஒலிக்கிறது என்றால், செட்டிங்கில் 'லோக்கல்' (கருவியின் கீகளை அதன் ஒலிப் பகுதியோடு இணைப்பது) ஆஃப் ஆகியிருக்கிறது. ஆன் செய்தால் போதும்.

குமிழைத் தொட்டதும் ஒலி குதிப்பதும் பழுதல்ல. சேமித்த பேட்சில் இருக்கும் அளவு வேறு, குமிழ் நிற்கும் இடம் வேறு. மினிலாக்கில் ஜம்ப், கேட்ச், ஸ்கேல் என்று மூன்று முறைகள் உண்டு. மேடைக்கு கேட்ச் நல்லது; சேமித்த அளவைக் குமிழ் எட்டிய பிறகுதான் ஒலி மாறும்.

சுருதி விலகல் விசிஓ (மின்னழுத்தத்தால் கட்டுப்படும் ஆசிலேட்டர்) கருவிகளின் இயல்பு. போட்டு 15 நிமிடம் சூடான பிறகு ட்யூன் செய்யுங்கள். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைக்க வேண்டாம். லேப்டாப்பை இணைத்ததும் இரைச்சல் வந்தால் யூஎஸ்பியைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்று (இரண்டு கருவிகளின் எர்த் வழியே உண்டாகும் வளையம்). ஐந்து முள் மிடி கேபிளுக்கு மாறுங்கள், அல்லது ஆடியோ வழியில் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் போடுங்கள். பவர் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய ரோலண்ட் ஜூனோ-106 ஒன்று விலைக்கு வருகிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: சுவிட்சைத் தொடும் முன் பின்பக்க லேபிளைப் படியுங்கள். ஜப்பான் மாடல் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி. கடைகளில் அதிகம் கிடைப்பது 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்). அது 10 சதவீதம் கூடுதல், கருவி சூடேறும். 100 வோல்ட் என்றே கேட்டு, லேபிளில் உள்ள வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள்.

இது 1984இல் வந்த கருவி. ஆறு குரல், குரலுக்கு ஒன்றாக 80017ஏ என்ற சிப். இந்தச் சிப்பின் மேல் பூசிய ரெசின் காலப்போக்கில் மின்கசிவு விடுவதால் குரல்கள் ஒவ்வொன்றாகக் கெடும். இந்த மாடலில் எல்லோரும் அறிந்த நோய் இது. சோதிப்பது எளிது. 'கீ டிரான்ஸ்போஸ்' பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பவர் போட்டால் டெஸ்ட் மோடு வரும். கீயைத் தட்டத் தட்ட எந்தக் குரல் ஒலிக்கிறது என்று டிஸ்பிளேயில் எண் காட்டும். ஒலியைத் தடிமனாக்கும் கோரஸ் எஃபெக்டை அணைத்துவிட்டுத் தட்டுங்கள்; கோரஸின் இரைச்சல் கோளாறை மறைத்துவிடும். ஆறு எண்ணும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஒன்று கரகரத்தாலோ, மெலிந்தாலோ, விரலை எடுத்த பிறகும் முனகினாலோ அந்தச் சிப் போய்விட்டது. மேல்பூச்சை அசிட்டோனில் ஊறவைத்து நீக்கிச் சிலர் மீட்கிறார்கள், மாற்றுச் சிப்பும் கிடைக்கிறது. ஆனால் ஒன்று போயிருந்தால் மற்ற ஐந்துக்கும் அதே வயதுதான். ஆறையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

128 பேட்ச்களைக் காப்பது உள்ளே இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. மாற்றும் முன் டேப் சாக்கெட் வழியாகப் பேட்ச்களை ஆடியோவாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி விஷயத்தில் கோர்க் பாலிசிக்ஸ் என்ற இன்னொரு பழைய கருவி இன்னும் ஆபத்து. அதன் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து போர்டையே தின்றுவிடும். மூடியைத் திறந்து போர்டின் படத்தைக் காட்டாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று: ஜூனோ-106 விரலின் வேகத்தை உணராது. மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம்தான். பியானோ பழக்கம் உள்ளவர்கள் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சிந்தசைசரில் இரண்டு குமிழ் வேலை செய்யவில்லை. "இசைக்கருவிக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது?

பதில்: குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க அவருக்கு உரிமை இல்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. குமிழைத் திருகுவது, திரையில் எண் மாறாதது, சீரியல் எண் மூன்றும் ஒரே வீடியோவில் தெரியும்படி எடுங்கள். பில்லை இணைத்து, தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

பில் இல்லாமல், வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுவந்த கருவியை ஒரு தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். அங்கே உங்களுக்குப் பாதுகாப்பு, பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஒவ்வொரு குமிழையும் கடைசி வரை திருகிப் பார்ப்பதுதான்.

கேள்வி: அடாப்டர் தொலைந்துவிட்டது. 9 வோல்ட் அடாப்டர் எதையாவது போடலாமா?

பதில்: கூடாது. வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. மினிலாக்கின் அடாப்டர் 1.7 ஆம்பியர். முக்கியமாக, சாக்கெட் பக்கத்தில் வட்டத்துக்குள் புள்ளி போட்ட படத்தைப் பாருங்கள். மினிலாக்குக்கு நடு முள் பிளஸ், கிதார் பெடல் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முள் மைனஸ். பிளக் இரண்டிலும் பொருந்தும் என்பதுதான் ஆபத்து. செருகும் முன் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.