விழுந்துவிடுவாளோ என்று பிடித்துக்கொண்டே இருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. மூளை முடக்குவாதத்தால் (செரிப்ரல் பால்சி) இரண்டு கால்களும் விறைப்பாக இருக்கின்றன. தனியாக நடக்கிறாள், ஆனால் திரும்பும்போதும், யாராவது லேசாக இடித்தாலும் விழுந்துவிடுகிறாள். தினமும் கால்களை நீட்டி மடக்கிவிடுகிறேன். சமநிலை வர இது போதுமா?

பதில்: போதாது. நீங்கள் நீட்டி மடக்கும்போது உழைப்பது உங்கள் கைகள்தான்; அவளுடைய மூளைக்கு அதில் வேலையே இல்லை. நாம் ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டுவதற்குச் சற்று முன்பே இடுப்பு, முதுகு, கால் தசைகள் தயாராகிவிடுகின்றன. உங்கள் மகளுக்கு அந்தத் தயாரிப்பு தாமதமாகிறது. போதாக்குறைக்கு, மூட்டை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றாக இறுகி அதைப் பூட்டிவிடுகின்றன. அந்தத் தயாரிப்பை அவளே செய்து செய்துதான் பழக முடியும்.

முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில், பாதங்கள் தரையில் முழுவதும் பதியும்படி உட்கார வையுங்கள். அவள் கைக்குச் சற்றே எட்டாத, சாய்ந்தால் எட்டுகிற தூரத்தில், பக்கவாட்டில், ஒரு பொம்மையை நீட்டுங்கள். எட்டி எடுக்கும்போது உடல் எடை ஒரு பக்கம் சாயும். நிமிர்ந்து நடுவுக்கு வர வேண்டும். அந்த நிமிர்தல்தான் பயிற்சி. அடுத்தது, கை ஊன்றாமல் எழுந்து நின்று மெதுவாக உட்காருவது. உயரமான ஸ்டூலில் தொடங்கினால் எளிது. பழகப் பழக உயரத்தைக் குறையுங்கள். பிறகு பக்கவாட்டில் நடப்பது, ஒரு காலைத் தாழ்வான படியில் வைத்து நின்றபடி பந்து எறிவது என்று போகலாம். எதை எப்போது சேர்ப்பது என்பதை இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். காலணிப் பட்டை (கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) இருந்தால், அதை அணிந்தா, கழற்றியா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

பெரும்பாலான பெற்றோர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் அவள் உங்கள் மீது தொங்குவாள், அவ்வளவுதான். இடுப்பருகே கையை வைத்துக்கொண்டு, உண்மையாகவே விழப்போகும்போது மட்டும் பிடியுங்கள். கொஞ்சம் தள்ளாடட்டும், தள்ளாடாமல் மூளைக்குப் பாடம் கிடைக்காது. கீழே மெத்தை விரித்துக்கொண்டால் உங்களுக்கும் பதற்றம் குறையும்.

டிரெட்மில், குதிரையேற்றப் பயிற்சி ஆகியவற்றாலும் பலன் உண்டு. கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். அன்றாடம் வீட்டில் விளையாட்டாகச் செய்வதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

இடுப்பு மூட்டை அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதைத் தவற விடாதீர்கள். கண் பரிசோதனையும் தேவை. இதுவரை செய்துவந்த ஒன்றைத் திடீரென்று செய்ய முடியாமல் போனால், நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு தானாக வளர்வதில்லை. வலி, மூட்டு நழுவுதல், வலிப்பு என்று வேறு காரணம் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.